கரைந்தால்தான் காவல்

கோவாவில் சதுர்த்தி முடிந்து ஒரு வாரம். மழை ஓய்ந்துவிட்டதா, இல்லை மூச்சு வாங்கிக்கொள்கிறதா என்று சொல்ல முடியாத செப்டம்பர் மாதம். ஜுவாரி ஆற்றின் தென்கரையில், ஓலைக் கொட்டகை ஒன்றின் கீழ், 8 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் சொந்தக்காரர் கீழே மல்லாந்து படுத்து, படகின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் படகு தண்ணீரில் இறங்கியாக வேண்டும். அதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வர வேண்டும்: அடியில் எந்தப் பெயிண்டை அடிப்பது?

கேட்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்று யோசிப்பது போலத்தானே? ஆனால் சென்ற மே மாதம் நடந்ததை அவர் மறக்கவில்லை.

கார்வி மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அக்டோபரிலிருந்து மே வரை சுற்றுலாப் பயணிகளைத் தூண்டில் போடவும் டால்பின் பார்க்கவும் கடலுக்கு அழைத்துப் போவதுதான் பிழைப்பு. மே மாதத்துக்குள் படகு சோம்பிப் போயிருந்தது. எஞ்சின் அதேதான், அதன் உறுமலும் அதேதான். வேகம் மட்டும் இல்லை. முன்பு ஒரு கேன் பெட்ரோலில் முடிந்த சவாரிக்கு ஒன்றரைக் கேன் பிடித்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் செய்ததைப் பொறுக்க முடியாது. ஒரு மாலை, வற்றம் முடியும் நேரத்தில், ஆறு பயணிகளோடு முகத்துவாரத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தார். திரையில் 4 மீட்டர் என்ற எண் மினுக்கிக்கொண்டே இருந்தது. எண் மினுக்கினால் கருவி தரையைத் தவறவிட்டுவிட்டது, காட்டுவது பழைய கணக்கு என்று அர்த்தம். அது உறைப்பதற்குள் படகு மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நீர் ஏறும்வரை இரண்டு மணி நேரம் இருட்டில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. குழந்தையின் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

படகைக் கரையேற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அடிப்பாகம் முழுவதும் சொரசொரவென்று வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு. எக்கோவின் காது போன்ற டிரான்ஸ்டியூசர் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதன் மேல் தடிமனாக ஒரு பெயிண்ட் பூச்சு, அந்தப் பூச்சின் மேல் கொட்டலசு. பெயிண்டை அடித்தது வேறு யாருமில்லை. மிச்சமிருந்ததை வீணாக்குவானேன் என்று அவரே அடித்ததுதான்.

கடலில் எதைப் போட்டாலும் அதற்குக் குடிவர உயிர்கள் காத்திருக்கின்றன. சில மணி நேரத்துக்குள் பாக்டீரியாக்கள் வழவழப்பாக ஒரு படலம் போடுகின்றன. அதன் மேல் நுண்பாசிகள். அப்புறம் கடற்பாசியின் விதைத்துகள்கள், குழாய்ப் புழுக்கள், சிப்பிக் குஞ்சுகள், கொட்டலசின் குஞ்சுகள். கொட்டலசைப் பார்த்தால் சிப்பி இனம் என்றுதான் தோன்றும். உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தக்காரன். குஞ்சாக நீந்தித் திரிந்து, பிடித்த இடம் கிடைத்ததும் தலையை அங்கே ஒட்டிக்கொண்டு, சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு, கால்களை வெளியே வீசி இரையை வாரித் தின்றபடி ஆயுளைக் கழிக்கிறது. சார்லஸ் டார்வின் 1846லிருந்து 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்த ஒரு பிராணிக்காகவே செலவிட்டார். நம் வெப்பக் கடலில் அதற்கு ஓய்வு கிடையாது; ஏறக்குறைய ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கிறது.

இந்தத் தொல்லை அவருக்கு மட்டும் வந்ததல்ல. கோவாவுக்குத் தெற்கே கார்வார் பக்கம் அஞ்சதீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 1498இல் கள்ளிக்கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் வாஸ்கோ டகாமா அங்கேதான் கப்பல்களைக் கரையில் சாய்த்து அடிப்பாகத்தைச் சுரண்டினார். அதைச் செய்யாமல் ஆப்பிரிக்காவை நோக்கிக் கிளம்ப அவருக்குத் தைரியம் இல்லை. பிறகு வந்த மாலுமிகள் தார், கொழுப்பு, கந்தகம் என்று எதையெதையோ பூசிப் பார்த்தார்கள். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது. கப்பல் புழு மரத்தைத் துளைக்கவில்லை, பாசியும் ஒட்டவில்லை. செம்பு ஜெயித்துவிட்டது.

ஜெயித்தது எப்படி என்பதற்கு விடை கிடைக்க 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உப்பு நீரில் செம்புத் தகடு அரித்துத் தேய்கிறதே, அதைத் தடுக்க முடியுமா என்று கடற்படை ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியைக் கேட்டது. செம்போடு இரும்புத் துண்டுகளை இணைத்துவிட்டால் இரும்பு தன்னைக் கொடுத்துச் செம்பைக் காப்பாற்றும் என்று 1824இல் டேவி கண்டுபிடித்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்ட கப்பல்களில் ஒன்றான ‘சமராங்’ நம் கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. டேவியின் கணக்கு தப்பவில்லை. செம்பு தேயவில்லை. ஆனால் பல கப்பல்களில், தேயாத அந்தச் செம்பின் மேல் கொட்டலசும் பாசியும் மகிழ்ச்சியாகக் குடியேறின. அப்போதுதான் விஷயம் விளங்கியது. கப்பலைக் காத்தது செம்பு அல்ல, செம்பு கரைந்தது. கரையாத செம்பு வெறும் தகடு.

இன்று கடையில் விற்கும் பெயிண்ட் டின்னுக்குள் இருப்பதும் இதே பாடம்தான். பெரும்பாலானவற்றில் செம்பு ஆக்சைடு சிவப்புப் பொடியாகக் கலந்திருக்கிறது. பூச்சிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, படகை ஒட்டிய மெல்லிய நீரடுக்கைக் குஞ்சுகளுக்கு ஆகாததாக்குகிறது. கசிவு நின்ற அன்றே காவலும் முடிந்தது. ஆக, படகுக்காரர் கடையில் காசு கொடுத்து வாங்குவது, எட்டு மாதம் அளவாகக் கடலில் கரையப்போகும் ஒரு நஞ்சை.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 1960களில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட்கள் வந்தன. செம்பைவிடப் பல மடங்கு வீரியம். ஒரு தடவை அடித்தால் வருடக்கணக்கில் கவலையில்லை. கப்பல்காரர்கள் கொண்டாடினார்கள். 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிப் பண்ணைகள் படுத்துவிட்டன. குஞ்சுகள் பிழைக்கவில்லை, பிழைத்த சிப்பிகளின் ஓடு கோணல்மாணலாகத் தடித்திருந்தது. இங்கிலாந்தின் கரையோரங்களில் பெண் சங்கு நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே இந்த விபரீதம் தொடங்கிவிடும் என்று தெரிந்தது. 1982இல் பிரான்சும் 1987இல் பிரிட்டனும் சிறு படகுகளுக்கு இந்தப் பெயிண்டைத் தடை செய்தன. 2001இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. இந்தியா 2014இல் வணிகக் கப்பல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் உடன்படிக்கை சான்றிதழும் உறுதிமொழியும் கேட்பது 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களிடம்தான். 8 மீட்டர் படகின் அடியில் என்ன பூசியிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

வாஸ்கோ நகரத்துப் பெயிண்ட் கடைக்காரர் மூன்று டின்களை வரிசையாக எடுத்து வைத்தார். மூன்றின் விலையும் வேறு, குணமும் வேறு.

முதலாவது கெட்டிப் பூச்சு. காய்ந்தால் கல் மாதிரி. உள்ளேயிருந்து செம்பு கசிந்து போகும். பூச்சு மட்டும் வெறும் ஓடாக அப்படியே நிற்கும். தேய்த்துக் கழுவினால் தாங்கும், வேகப் படகுக்கு ஏற்றது. ஆனால் படகைத் தண்ணீரை விட்டு எடுத்து மாதக்கணக்கில் காயப்போட்டால் பல கெட்டிப் பூச்சுகள் வீரியம் இழந்துவிடும். வருடாவருடம் அடித்தால் அடுக்கு மேல் அடுக்காகத் தடித்துக் கடைசியில் பொறுக்குப் பொறுக்காக உரியும்.

இரண்டாவது தானே தேயும் பூச்சு. சோப்புக் கட்டி கரைவது போல மேலடுக்கு மெல்ல மெல்லக் கரைந்து, எப்போதும் புது முகம் காட்டிக்கொண்டிருக்கும். கரையேற்றி மறுபடி இறக்கினாலும் பெரும்பாலும் கெடாது. வருடக் கடைசியில் பழைய அடுக்கு கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் படகு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீரோட்டம்தான் அதைத் தேய்க்கும் கை. கட்டிப்போட்டே வைத்தால் அதன் மேலும் பாசி படரும்.

மூன்றாவது நஞ்சே இல்லாத சிலிக்கோன் பூச்சு. கொட்டலசு ஒட்டும், ஆனால் பிடி கிடைக்காது. படகு வேகமெடுத்தால் வழுக்கி விழுந்துவிடும். கேட்க நன்றாக இருந்தது. விலையைக் கேட்டபோது அவர் டின்னைத் திரும்ப வைத்துவிட்டார். மணலில் ஏற்றி இழுத்தால் கிழிந்துவிடும் என்று கடைக்காரரே சொன்னதால் மனசும் ஆறிப்போயிற்று.

எது நல்ல பெயிண்ட் என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பது அங்கே நின்றபோது அவருக்குப் புரிந்தது. இந்தப் படகு எப்படி வாழ்கிறது என்பதுதான் கேள்வி. வருடத்தில் நான்கு மாதம் கரையில், எட்டு மாதம் தண்ணீரில். பருவத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டம். ஃபைபர் உடம்பு. அலுமினிய உடம்பாக இருந்தால் செம்பு ஆக்சைடைத் தொடவே கூடாது. உப்பு நீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். இவர் படகில் எஞ்சினின் கால் மட்டும் அலுமினியம். அதைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டு அடித்தால் போதும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது டின்தான்.

அளவையும் அங்கேயே கணக்குப் போட்டார்கள். நீர்க்கோட்டில் நீளம் 7.5 மீட்டர். அகலம் 2.4, மூழ்கும் ஆழம் 0.4, இரண்டையும் கூட்டினால் 2.8. பெருக்கினால் 21 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 10 சதுர மீட்டர் வரும் என்று டின்னில் போட்டிருந்தது. இரண்டு பூச்சுக்கு 4.2 லிட்டர். மீதி, நீர் வேகமாகத் தேய்க்கும் மூக்குப் பகுதிக்கும் வெயிலில் பாசி அதிகம் படரும் நீர்க்கோட்டுக்கும் மூன்றாவது பூச்சாக. 5 லிட்டர் டின் ஒன்று போதும்.

அடுத்தது டிரான்ஸ்டியூசர். போன வருடத் தப்பு அவருக்கு இப்போது விளங்கியது. அதற்குள் இருப்பது மின்சாரம் பட்டால் அதிரும் ஒரு பீங்கான் வில்லை. அது ஒலித் துடிப்பைக் கீழே அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப விநாடியில் 25இல் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமான காதின் மேல் தடித்த பூச்சைப் போட்டால் அது ஒலியை விழுங்கிவிடும். பூச்சுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் இன்னும் மோசம். காற்றைக் கண்டால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். ஸ்பிரே பெயிண்ட் ஆகாது என்பது அதனால்தான். படகுக்கு அடிக்கும் பெயிண்டில் உள்ள கரைப்பான்கள் சில வகை பிளாஸ்டிக் முகத்தை அரித்தும்விடும். அதற்கென்று தண்ணீரில் கரைத்த தனிப் பெயிண்ட் சிறு புட்டியில் வருகிறது. தூரிகையால் மெல்லிசாகத் தடவ வேண்டும், அவ்வளவுதான். ஒன்றுமே பூசாமல் விட்டால்? கொட்டலசு வந்து குந்திக்கொள்ளும். அதிகம் பூசினாலும் செவிடு, பூசாமல் விட்டாலும் செவிடு.

டின்னோடு கொட்டகைக்குத் திரும்பியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. படகு வேலை செய்யும் மேஸ்திரி டின்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இது மட்டும் போட்டா மார்ச் வரைக்கும்கூட வராது, பாத்ராவ்” என்றார். முதலாளி என்பதற்குப் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல் அது. “தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து அரை லிட்டர் ஊத்திக் கலக்குங்க. ஒரு பூச்சியும் கிட்ட வராது. எல்லாரும் செய்யறதுதான்.”

அரை லிட்டர் பூச்சிமருந்தின் விலை ஒரு சவாரியின் லாபத்தில் கால்வாசிகூட இல்லை. மணல்திட்டில் அழுத குழந்தை இன்னும் காதுக்குள் இருந்தது. அவர் உடனே மறுக்கவில்லை.

அன்று மாலை கொட்டகைக்கு அவருடைய தாய்மாமன் வந்து உட்கார்ந்தார். 80ஐ நெருங்கும் வயது. ஹோடி என்ற மரத் தோணியில் வாழ்நாளைக் கழித்தவர். அந்தக் காலத்தில் தோணிக்கு என்ன பூசினீர்கள் என்று மருமகன் கேட்டார்.

“முந்திரிக்கொட்டை ஓட்டிலேர்ந்து எடுக்கிற எண்ணெய். மத்தி எண்ணெய். கையில பட்டா கொப்பளிக்கும்.”

“அதுவே போதுமா இருந்ததா மாமா?”

“எண்ணெய் மரத்துக்குடா. கொட்டலசுக்கு நாங்க ஒண்ணும் பூசல. தோணியைத் தண்ணியிலேயே விட்டு வைக்கலையே. விடியக்காலையில தள்ளினோம், மத்தியானம் மேலே இழுத்தோம். வெயில்ல காய்ஞ்சா எது ஒட்டிக்கிட்டு இருக்கும்?” கிழவர் ஆற்றைப் பார்த்தார். “இப்போ உங்க படகு கனம். இழுக்க ஆள் கிடையாது. அதான் மருந்து.”

ஆற்றில் வற்றம் விழுந்திருந்தது. சேற்றுத்திட்டில் பெண்கள் குனிந்து மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோவாக்காரர்கள் திஸ்ரே என்று ஆசையாகச் சாப்பிடும் மட்டி. அவருடைய மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். அதே கரையில், சிக்கலிம் விரிகுடாவில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பி இன்றும் வாழ்கிறது. கண்ணாடி அரிதாயிருந்த காலத்தில் கோவாவின் பழைய வீடுகளுக்கு ஜன்னலானது அந்தச் சிப்பியின் ஓடுதான். மட்டியின் குஞ்சும் தட்டைச் சிப்பியின் குஞ்சும் கொட்டலசின் குஞ்சும் ஒரே தண்ணீரில்தான் நீந்துகின்றன. எது வேண்டியது, எது வேண்டாதது என்று பிரித்துப் பார்க்கும் பெயிண்டை இதுவரை யாரும் காய்ச்சவில்லை.

செம்பும் அப்பாவி அல்ல. மூடிய துறைமுகங்களின் சேற்றில் அது சேர்ந்துகொண்டே போகிறது. சிப்பிக் குஞ்சுகளுக்கு ஆகாது. என்றாலும் அது எவ்வளவு, எப்படிக் கசியும் என்று தயாரித்தவர் அளந்திருக்கிறார். மேஸ்திரியின் கலவையை அளந்தவர் யாருமில்லை. எட்டு மாதம் கசிய வேண்டியது எட்டே நாளில் கசிந்துவிடலாம். அதை முதலில் குடிப்பது கொட்டலசு அல்ல, வெறுங்காலோடு நிற்கிற அந்தச் சேறு.

மறுநாள் அவர் மேஸ்திரியிடம் சுருக்கமாகச் சொன்னார். “மருந்து வேண்டாம். அவ என்னைக் கேப்பா.” மேஸ்திரி தோளைக் குலுக்கிக்கொண்டார்.

மற்ற வேலைகளெல்லாம் பொறுமை சம்பந்தப்பட்டவை. பழைய பூச்சை உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும். எனவே உப்புத்தாளை நனைத்து, மூக்கையும் வாயையும் மூடித் தேய்த்தார்கள். கீழே தார்ப்பாய் விரித்திருந்தது. சுரண்டியது எல்லாம் டிரம்முக்குள் போயிற்று. முந்தைய வருடங்களில் அது அடுத்த ஏற்றத்தோடு ஆற்றுக்குப் போயிருந்தது. எட்டு மாதத்தில் பெயிண்ட் கசியவிடுவதைச் சுரண்டல் ஒரே மதியத்தில் கொட்டிவிடும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. பனிப்பில் உடம்பு வியர்த்திருந்த காலைகளில் பெயிண்ட் அடிக்கவில்லை. வெயில் வந்து காயும்வரை காத்திருந்தார்கள். எஞ்சினில் தொங்கும் துத்தநாகக் கட்டிக்குப் பெயிண்ட் படாமல் காகிதம் ஒட்டினார்கள். டேவியின் இரும்பு செய்த வேலையைத்தான் அது செய்கிறது: தான் கரைந்து எஞ்சினைக் காக்கிறது. பெயிண்ட் பட்டால் கரையாது. கரையாவிட்டால் எஞ்சின் கரையும்.

டிரான்ஸ்டியூசரை அவர் வேறு யாரையும் தொடவிடவில்லை. பழைய தடித்த பூச்சை நகத்தாலும் மரச் சிம்பாலும் எடுத்தார். மெல்லிய உப்புத்தாளால் ஈரத்தில் தடவினார். பிறகு சிறு தூரிகையால் ஒரே ஒரு இழை. கீழே பிளாஸ்டிக்கின் கருமை தெரிகிற அளவுக்கு மெல்லிசு.

அக்டோபர் முதல் வாரத்தில், நீர் ஏறி நின்ற ஒரு காலையில், படகை உருளைக் கட்டைகளின் மேல் தள்ளி இறக்கினார்கள். மாமா ஒரு தேங்காய் உடைத்தார். எஞ்சின் எடுத்தது. எக்கோவின் திரை விழித்து 2.3 என்றது. படகு நகர 2.6, 3.1. அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மினுக்கவில்லை.

இந்தப் பூச்சு மே வரை தாங்குமா, மேஸ்திரி சொன்னது போல மார்ச்சிலேயே கை விரித்துவிடுமா என்பது மே மாதம்தான் தெரியும். கைவிட்டால் இடையில் ஒரு தடவை கரையேற்றி, மாமா செய்தது போல வெயிலில் காயப்போட்டுத் துடைக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் சவாரி போகும். அதை அவர் மனசுக்குள் கணக்கில் எழுதிவிட்டிருந்தார்.

மதியம் அவர் திரும்பி வந்தபோது வற்றம் தொடங்கியிருந்தது. சேற்றுத்திட்டு மெல்லத் தலை காட்டியது. கூடைகளோடு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். படகுக்கு அடியில் பெயிண்ட் கரையத் தொடங்கியிருந்தது.